பழகிட்டு வாங்க

கார் சாவி சாக்கடையில் விழுந்ததற்கு யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதுதான் சாருக்குத் தாங்கவில்லை. காலை நடையில் தும்மல் வந்தது, பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார், கூடவே சாவியும் வெளியே வந்து, சாக்கடையின் கல்மூடி இடுக்கில் குறிபார்த்துப் போட்டதுபோல் உள்ளே போய்விட்டது. நடக்கப் போகிறவருக்குக் கார் சாவி எதற்கு என்று கேட்கக் கூடாது. அந்தச் சாவியை அவர் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பியதாகச் சரித்திரமே கிடையாது. வெளியூரில் இருக்கும் மகள் வாங்கிக்கொடுத்த வண்டி. அது அவருக்கு மட்டும்தான் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு எண்ணம்.

வண்டி வந்தபோது இரண்டு சாவி வந்தது. ஒன்று ரொம்ப நாளைக்கு முன்பே அவருடைய சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய் உயிரை விட்டது. பையைப் பார்க்காமல் துவைத்தாயா என்று அன்றைக்கு மனைவியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இப்போது மிச்சமிருந்ததும் போயிற்று. திட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை. அவள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது.

சாருக்கு ஊரில் வேறொரு பெயர் உண்டு. 'பழகிட்டு வாங்க' சார். ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் டெஸ்ட் எடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "எடுங்க" என்பார். அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார். சரியாக ஓட்டினால் கடைசியில் "போங்க" என்பார். தப்பென்றால் "பழகிட்டு வாங்க." அவ்வளவுதான். சிபாரிசு, கெஞ்சல், அழுகை எதுவும் அவரிடம் வேகாது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று கூட வேலை பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தகுதியில்லாத ஒருவரைப் பாஸ் போட்டதில்லை, தகுதியுள்ளவரை ஃபெயில் போட்டதுமில்லை. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதில் ஒரு பொய்யும் கிடையாது, அதுதான் அவரோடு குடும்பம் நடத்துவதில் இருந்த சிரமம்.

கட்டிய மனைவியையே ஃபெயில் போட்டவர் அவர். அன்றைக்கு டெஸ்ட் எடுக்க வேண்டிய ஆள் லீவு. வரிசையில் மனைவி நின்றிருந்தாள். வேறொரு நாள் வா என்று அனுப்பியிருக்கலாம். விதி என்றால் விதிதான் என்று இவரே ஏறி உட்கார்ந்தார். நேராக நன்றாகத்தான் ஓட்டினாள். பின்னால் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவில் நிறுத்தும்போது வலது பக்கத்துக் கம்பைத் தட்டிவிட்டாள். "பழகிட்டு வாங்க" என்றார், மனைவி என்றும் பாராமல் 'வாங்க' போட்டு. வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சாப்பாடு போடும்போது, "ஐயா, பரிமாறுறதுல பாஸா, இல்ல அதுக்கும் பழகிட்டு வரணுமா?" என்று கேட்டாள். அதிலிருந்து கடைசி வரைக்கும் அவரை ஐயா என்றே கூப்பிட்டாள். அடுத்தடுத்தும் போனாள், அடுத்தடுத்தும் அதே கம்பு. பிறகு போகவில்லை. வீட்டு வண்டியில் பழக அவர் சாவியைக் கொடுக்கவில்லை. உரிமம் இல்லாதவர் கையில் எப்படிச் சாவி கொடுப்பது?

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, கடைக்குக் கிளம்புகிறவளைப்போல, "போயிட்டு வரேங்க" என்றாள். யாராக இருந்தாலும் சொல்கிற வார்த்தைதான். வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று நம்மில் யார் சொல்கிறார்கள்? சாரும் வழக்கம்போல நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ம்ம், வா" என்றார். பார்த்திருக்கலாம்.

சாவி தொலைந்த அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்கிற நேரத்தில், வீட்டின் பக்கவாட்டில் இருந்த ஷெட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ஙீ' என்று மெல்லிய மோட்டார் சத்தம். அவருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். சாவி வைத்திருப்பவர் பக்கத்தில் வந்தால், மடங்கியிருக்கும் பக்கக் கண்ணாடிகள் தானாக விரிகிற சத்தம் அது. "ஐயா வர்றார்னு காதை விரிக்குது பாருங்க" என்பாள் மனைவி.

எழுந்து போய்ப் பார்த்தார். ஷெட்டில் யாரும் இல்லை. வண்டியின் இரண்டு காதும் விரிந்திருந்தன.

எலி கடித்திருக்கும், ஒயரில் கோளாறாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குனிந்து கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். ஓட்டுகிறவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் தள்ளிக் கிடந்தது. சார் நல்ல உயரம். காலை நீட்டிக்கொள்ள சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளித்தான் உட்காருவார். இது முழங்கால் இடிக்கிற தூரம். சீட்டின் மேல் நீல உறை போட்ட ஒரு குஷன் இருந்தது. அது எப்போதும் பின் சீட்டில் கிடக்கிற குஷன்; முதுகுக்கு என்று மனைவி தைத்துப் போட்டது. அதன் நடுவில் ஆள் உட்கார்ந்த மாதிரி ஒரு பள்ளம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிச் சமமாயிற்று. ஒருவர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்.

சார் வீட்டுக்குள் வந்து கதவைத் தாழ் போட்டார். பட்டப்பகலில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் எழுந்து போய்த் திறக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே சத்தம். அதற்கு மறுநாள் போய்ப் பார்க்கவே இல்லை, காதை மட்டும் பொத்திக்கொண்டார். சாயங்காலம் சாவிக்காரருக்கு ஃபோன் போட்டார்.

ஊரில் இந்த மாதிரி வண்டிக்குச் சாவி போடுகிற ஆள் அவர் ஒருவர்தான். பேச்சு ஜாஸ்தி, வேலை சுத்தம். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் சாரைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டார்.

"என்னை ஞாபகம் இருக்கா சார்? ரெண்டு தடவ பழகிட்டு வரச் சொன்னீங்க. நான்தான் கோவிச்சுக்கிட்டு ஸ்கூட்டரோட நின்னுட்டேன். ஊர்ல இருக்கிற காருக்கெல்லாம் சாவி போடுறேன், ஓட்டத்தான் உரிமை இல்ல."

"இப்ப வந்தா எடுத்துப் பார்க்கலாம்" என்றார் சார், பழக்க தோஷத்தில். பிறகு தான் ஓய்வு பெற்றது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

கதவைத் திறப்பதற்கான கம்பியை எடுத்த சாவிக்காரர், கைப்பிடியை இழுத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டதைப் பார்த்தார். "பூட்டாமலா சார் வெச்சிருக்கீங்க?" பூட்டித்தான் இருந்தது.

சாவிக்காரர் முன் சீட்டில் திணறி உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் தன் மெஷினின் ஒயரைச் செருகினார். வேலை செய்துகொண்டே விளக்கம் சொன்னார்.

"இந்த வண்டிக்கெல்லாம் தனக்குன்னு ஒரு ஞாபகம் உண்டு சார். இன்ன இன்ன சாவி என்னோடதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கும். புதுசா ஒண்ணைச் சேர்க்கணும்னா, பழசெல்லாம் அந்த நேரத்துல வண்டிக்குள்ள இருக்கணும். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா காட்டணும். காட்டாத சாவிய வண்டி மறந்துடும். அப்புறம் அது கிடைச்சாலும் பிரயோஜனமில்ல, வெறும் பிளாஸ்டிக்குதான். உங்களது ரெண்டும் போச்சு. ரெண்டையும் மறக்க வெச்சுட்டு இந்தப் புதுச மட்டும் ஏத்திடறேன்."

மெஷின் திரையைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். "மூணுன்னு காட்டுதே சார்."

"ரெண்டுதான்."

"வண்டி பொய் சொல்லாது சார். மூணு சாவி பதிஞ்சிருக்கு. முதல் ரெண்டும் பதில் சொல்லல, சரி, போனது போனதுதான். மூணாவது..." சாவிக்காரர் நிறுத்தினார். மெஷினைத் தட்டிப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். "மூணாவது சாவி உள்ளேயே இருக்காம்."

"எதுக்குள்ள?"

"வண்டிக்குள்ள. இங்க, இந்த முன் சீட்டுக்கிட்ட. கைக்கெட்டுற தூரத்துல."

இரண்டு பேரும் தேடினார்கள். மிதியடியைத் தூக்கி உதறினார்கள், சீட்டு இடுக்கில் கை விட்டுத் துழாவினார்கள், டேஷ்போர்டில் இருந்த பழைய காகிதங்களைக் கொட்டினார்கள். ஒரு பேனா மூடியும், ஒரு ஹேர்பின்னும் கிடைத்தன. சாவி இல்லை. மெஷின் மட்டும் இருக்கிறது, இருக்கிறது என்று பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சாவிக்காரர் தான் உட்கார்ந்திருந்த குஷனை உருவித் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சார், இந்த நீலக் குஷன்... குட்டையா, எப்பவும் சிரிச்ச முகமா ஒரு அம்மா..."

"என் மனைவி" என்றார் சார்.

"அவங்க வண்டியா இது! வந்ததுமே பார்த்த வீடு மாதிரி இருந்துச்சு. என் கடைக்கே வந்து கூட்டிட்டு வந்தாங்க சார். ரெண்டு சாவி கொண்டுவந்து காட்டினாங்க, நான் மூணாவது ஒண்ணு ஏத்திக் கொடுத்தேன். அதுக்குன்னு சீட்டு தூரத்தையும் பதிஞ்சு வைக்கச் சொன்னாங்க. வீட்டுக்காரர் தூங்குறார், சத்தம் போடாம வேலைய முடின்னாங்க. பொறந்த நாளைக்கு வீட்டுக்காரருக்கு ஏதோ பரிசு போலன்னு நெனச்சேன். என் வீட்டுக்காரர் என்னையே ஃபெயிலாக்கின ஆளுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நீங்கதான் அந்த ஆளுன்னு எனக்கு எங்க தெரியும்?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மா எங்க சார், உள்ள இருக்காங்களா?" என்று கேட்டார்.

சார் சொன்னார். சாவிக்காரர் குஷனைப் பின் சீட்டில் வைத்துவிட்டு, கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சார் மகளுக்கு ஃபோன் செய்தார். அம்மாவிடம் கார் சாவி ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

"திட்ட மாட்டீங்களேப்பா?"

"சொல்லு."

"இருந்துச்சுப்பா. நீங்க மத்தியானம் தூங்கும்போது எடுத்து ஓட்டுவாங்க. ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல மட்டும். ஒரு நாள்கூட ரோட்டுக்குப் போனதில்ல. லைசென்ஸ் இல்லாம ரோட்ல போனா அப்பாவுக்குத் தலைகுனிவுன்னு சொல்வாங்க. பின்னால எடுக்கிறத மட்டுமே பழகினாங்க. பழகிட்டு எனக்கு ஃபோன் போட்டு, இன்னிக்குத் தூணைத் தொடலடின்னு கதை சொல்வாங்க. ஒரு நாள் உங்கப்பாவைப் பக்கத்துல உட்கார வெச்சு, அவர் வாயாலயே பாஸ் வாங்கிடறேன் பாருன்னாங்க. அதுக்குள்ள..." மகள் அழுதாள்.

"அந்தச் சாவி இப்ப எங்கம்மா?"

"கடைசியா முகம் பார்க்கிற நேரத்துல அம்மா கைக்குள்ள வெச்சு மூடிட்டேன்பா. யாரும் பார்க்கல. அம்மாவோடயே போயிடுச்சு."

சார் ஃபோனை வைத்தார். ஷெட்டுக்குத் திரும்பி வந்தார். மெஷினில் பச்சை விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. சாவிக்காரர் வண்டியை விட்டு இறங்கி, ஒயர் எட்டும் தூரத்துக்குத் தள்ளி நின்று, பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தார்.

"ஒரு அழுத்துதான் சார். மூணையும் மறந்துடும். அப்புறம் எந்தத் தொந்தரவும் இருக்காது. நல்லதுக்குத்தான் சொல்றேன், அழுத்திடட்டுமா?"

சாருக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒன்று புரிந்தது. போயிட்டு வரேன் என்றாள். வா என்றார் இவர். சொன்னபடி வந்திருக்கிறாள். வந்தவளை வாசலில் நிறுத்தி, உன்னை இந்த வீட்டு வண்டிக்கு அடையாளம் தெரியாது என்று சொல்வதா?

"வேணாம்" என்றார். "மெஷினைக் கழட்டு."

சாவிக்காரர் அதற்காகவே காத்திருந்தவரைப்போல ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். கேட்டைத் தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சார் படுக்கப் போகவில்லை. அலுவலகத்துக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, ஷெட்டுக்கு வந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். காத்திருந்தார். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. தெருவில் ஈ காக்கை இல்லை.

'ஙீ' என்றது. காதுகள் விரிந்தன.

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. ஆனால் வண்டி அந்தப் பக்கமாக லேசாகத் தாழ்ந்தது, ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழ்கிற அளவுக்கு. சீட் முன்னால் நகர்ந்தது. பின் சீட்டில் சாவிக்காரர் வைத்துவிட்டுப் போன குஷன் இப்போது முன்னால் இருந்தது. எப்போது வந்தது என்று சார் பார்க்கவில்லை. நடுவில் பள்ளம் விழுந்தது. டேஷ்போர்டில் விளக்குகள் வந்தன. சீட் பெல்ட் போடச் சொல்லி ஒரு மணி அடித்தது, பிறகு நின்றது. இஞ்சின் உயிர் பெற்று, அடுத்து எதற்கோ காத்துக்கொண்டு உறுமாமல் நின்றது.

எதற்கு என்று சாருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, "எடுங்க" என்றார்.

கியர் பின்னால் விழுந்தது. ஸ்டியரிங் யாரும் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றியது. வண்டி ஷெட்டின் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் நூல் பிடித்தாற்போல் வெளியே வந்தது. கேட்டுக்கு முன்னால் வளைந்து, நின்று, கொஞ்சம் முன்னால் போய், இப்போது பின்பக்கமாக ஷெட்டுக்குள் நுழைய ஆரம்பித்தது. இதுதான் அவள் தோற்கிற இடம். சார் வலது பக்கக் கண்ணாடியையே பார்த்தார். தூண் நெருங்கியது. நெருங்கி, ஒரு கை அகலம் விட்டு, அப்படியே ஒதுங்கிப் பின்னால் போயிற்று. வண்டி நடுவில் நின்றது. கோணல் இல்லை, தட்டல் இல்லை. இத்தனை வருட வேலையில் இவ்வளவு சுத்தமாகப் பின்னால் எடுத்தவர்களைச் சார் அதிகம் பார்த்ததில்லை.

'போங்க' என்று சொல்ல வாயெடுத்தவருக்கு அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றது.

பாஸ் ஆனவர்கள் போனார்கள். அவருடைய அனுபவத்தில் அப்படித்தான். 'போங்க' என்று சொன்ன ஒருவரையும் அவர் மறுபடி அந்த சீட்டில் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அவரால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப வந்தவர்கள் எல்லாம் ஃபெயில் ஆனவர்கள். இவள் எதற்காக வந்தாளோ அது கிடைத்துவிட்டால், பிறகு எதற்கு வரப் போகிறாள்?

"பழகிட்டு வாங்க" என்றார் சார்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் பொய்த் தீர்ப்பு அதுதான். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

இஞ்சின் நின்றது. நடுக்கண்ணாடி, பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடி, மெல்லத் திரும்பியது. திரும்பி, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது. வேர்த்து வழிந்த தன் முகத்தை அவர் அதில் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார், பட்டன் இறங்கவில்லை. வெகுநேரம், யாரோ ஒருவர் தன்னை நிதானமாகப் பார்த்து முடிக்கிற வரைக்கும், அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பெல்ட் தானாக விட்டுக்கொடுத்தது. காதுகள் மடங்கின.

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை.

தினமும் சட்டை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். வண்டி வெறும் தகரமாகக் கிடந்தது. குஷன் சமமாக இருந்தது. சாருக்கு இப்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. முதலில் வந்தது வருகிறதே என்கிற பயம், இது வராதே என்கிற பயம். இரண்டாவதுதான் ஆளைக் கொல்கிறது. அவளுக்கு அவரிடம் பிடித்த ஒரே விஷயம் என்று ஒன்று இருந்ததென்றால் அந்த நேர்மைதான். சாப்பாட்டில் உப்பில்லை என்றால் இல்லை என்பார், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பார். "ஐயா சொன்னா சொன்னதுதான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். அதையும் கெடுத்துக்கொண்டாயிற்று. பாஸ் என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகவாவது போயிருப்பாள். இப்போது மனம் கசந்து போய்விட்டாள்.

காலி சீட்டைப் பார்த்து ஒரு தடவை, "போங்க. நீங்க பாஸ்தான்" என்று சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். கேட்க ஆளில்லாத தீர்ப்பு காற்றில் போயிற்று. தெருவில் போனவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்.

மகள் ஃபோனில் நச்சரித்தாள். தனியாக இருக்கிற மனுஷருக்கு அவசரத்துக்கு வண்டி வேண்டாமா என்றாள். ஒரு நாள் காலையில் சார் தோற்றுப்போய்ச் சாவிக்காரரைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் வா. புதுசு போட்டுடு."

"அந்த மூணாவது சார்?"

"அதையும் மறக்க வெச்சுடு" என்றார் சார். "அது இனிமே வராது."

அன்று மத்தியானம் கடைசியாக ஒரு முறை போய் உட்கார்ந்தார். சட்டையை மாற்றிக்கொள்ளவில்லை. வெறும் பனியனோடு, பெல்ட்கூடப் போடாமல், கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். லேசாகத் தூங்கியும் போயிருப்பார்.

'ஙீ' என்றது.

சார் அசையவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. வண்டி தாழ்வது, சீட் நகர்வது, விளக்கு வருவது எல்லாம் உடம்பிலேயே தெரிந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் அது தன்னைச் சொல்கிறது என்று புரிந்து, அவசரமாகப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

"எடும்மா" என்றார். அந்த சீட்டில் உட்கார்ந்து அவர் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.

வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தது. கேட்டு வரை போய் அழகாக வளைந்தது. பின்னால் வர ஆரம்பித்தது. சார் இந்த முறை கண்ணாடியைப் பார்க்கவில்லை. மனதுக்குள் 'போங்க'வைத் தயாராக வைத்துக்கொண்டார். எத்தனை வலித்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

வண்டி நேராகத்தான் வந்துகொண்டிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. ஸ்டியரிங் ஒரு கணம் யோசித்தது. அப்புறம், வேண்டுமென்றே, வலது பக்கமாக ஒரு விரல் அளவு திரும்பியது.

டங்.

தூண் அதிர்ந்து, ஷெட்டின் தகரக் கூரை மொத்தமும் கிடுகிடுத்தது. பழைய கம்பு இருந்த அதே பக்கம், அதே மூலை. வண்டி அங்கேயே நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தீர்ப்புக்குக் காத்திருந்தது.

சாருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டும் ஒன்றாக வந்து மூச்சுத் திணறியது. அவர் பொய் சொல்ல வேண்டாம் என்று அவளே தோற்றுக் கொடுத்திருக்கிறாள். பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலைச் சரி செய்துகொண்டு, நேராகப் பார்த்து, மனசாட்சிக்கு ஒரு பழுதும் இல்லாமல் சொன்னார்.

"பழகிட்டு வாங்க."

நடுக்கண்ணாடி திரும்பவில்லை. குஷனில் பள்ளம் மெல்ல எழும்பியது.

சாயங்காலம் சாவிக்காரர் வந்தார். பையை இறக்கி வைத்தவர், வண்டி கேட்டைப் பார்த்து நிற்பதைக் கவனித்தார். போன தடவை அதன் மூக்கு ஷெட்டுக்குள் இருந்தது. சாவி இல்லாத வண்டி. வலது பக்கம் பின்னால் போய், நசுங்கிய பம்பரையும் தூணில் ஒட்டியிருந்த பெயின்ட்டையும் தொட்டுப் பார்த்தார். பெயின்ட் புதுசு.

"யாரு சார் இப்படி இடிச்சது?"

"வீட்டுலதான்" என்றார் சார். "பழகிட்டிருக்காங்க."

சாவிக்காரர் அவரையே பார்த்தார். பிறகு மெஷினைப் பைக்குள் திரும்ப வைத்தார். "அப்ப சாவி, சார்?"

"ஒண்ணு இருக்கே, போதும்" என்று சொல்லிவிட்டு, சார் ஒரு துணியை நனைத்துக் கொண்டுவந்து பக்கக் கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.